கைபேசிச் சந்தையில் கிராமச் சரக்கு
சிறு தொழில் நடத்துவோர் செய்யும் தவறுகளும் அவற்றைத் திருத்தும் வழிகளும்

விளைவிப்பது ஒரு திறமை. விளைந்ததை நியாயமான விலைக்கு விற்பது மற்றொரு திறமை. முதலாவதில் நம் கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ச்சி பெற்றவர்கள். இரண்டாவதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை இன்னும் பல உள்ளன. வாரச் சந்தையும் தரகு மண்டியுமே விற்பனைக்கு வழியாக இருந்த காலத்தில், சரக்கைக் கொண்டுபோய் இறக்கியதோடு விவசாயியின் வேலை முடிந்துவிட்டது. விலை சொல்லும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். 1999-ஆம் ஆண்டில் மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பெற்ற உழவர் சந்தை இந்நிலையை ஓரளவு மாற்றி, விளைவிப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்க வழி செய்தது. இப்பொழுது கைபேசியின் வாயிலாக மற்றொரு சந்தை நம் வீட்டுத் திண்ணைக்கே வந்திருக்கிறது.

ஃபேஸ்புக் 2004-ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005-லும், வாட்ஸ்அப் 2009-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும் தோன்றியவை. செய்தியும் படமும் பரிமாறிக்கொள்வதற்கென ஏற்பட்ட இச் சமூக ஊடகங்கள் இன்று பெரிய கடைவீதிகளாகவும் பயன்பட்டு வருகின்றன. மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, சிறுதானிய மாவு, ஊறுகாய், வடகம், கோரைப் பாய், கைத்தறித் துணி முதலிய கிராமப் பொருட்களைச் சுய உதவிக் குழுக்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், தனி முயற்சியாளர்களும் இவற்றின் மூலம் விற்கத் தொடங்கியுள்ளனர். கடை வாடகை இல்லை, முன்பணம் இல்லை, நகரத்து வீட்டுக்காரரிடம் நேராகப் பேசலாம். இத்தகைய வசதி நம் முன்னோருக்குக் கிட்டியதில்லை.

இருப்பினும், ஆவலோடு இவ்வழியில் இறங்கிய பலர் சில மாதங்களிலேயே சலிப்புற்று, “இது நமக்கு ஒத்துவராது” என்று கைவிடுவதையும் காண்கிறோம். அவர்களுடைய சரக்கு பெரும்பாலும் நல்ல சரக்கே. குறை, கடை நடத்தும் முறையில் இருக்கிறது. அக்குறைகள் எவை, அவற்றை நீக்குவது எங்ஙனம் என்பதை இங்கு விளக்க முயல்வோம்.

தண்டோராவும் கடையும்

இத் தவறுகளுள் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் ஒன்றே. சமூக ஊடகத்தைத் தண்டோரா போடும் கருவி என்று நாம் எண்ணிவிடுகிறோம். தண்டோரா போடுபவர் செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குச் சென்றுவிடலாம். யார் கேட்டார்கள், என்ன சந்தேகம் எழுந்தது என்பது அவருடைய பொறுப்பன்று. கடை விரித்தவரோ அவ்வாறு போக இயலாது. வருபவரை முகம் கொடுத்து வரவேற்க வேண்டும். விலை சொல்ல வேண்டும். அளந்து காட்ட வேண்டும். நேற்று வாங்கியவர் இன்று குறை சொல்லி வந்தால் அதையும் கேட்க வேண்டும். கைபேசியில் நாம் திறப்பது ஒரு கடை. இதை மனத்திற்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

விளக்கத்துக்காக ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து வங்கிக் கடன் பெற்று, மின்விசையால் இயங்கும் மரச்செக்கு ஒன்றை அமைத்துக் கடலை எண்ணெய் ஆட்டுகின்றனர். மாதந்தோறும் கடன் தவணை கட்ட வேண்டும். உள்ளூரில் விற்பது போக மீதியை வெளியூர்களுக்கு அனுப்பினால்தான் தவணையும் கட்டி, கையிலும் நாலு காசு மிஞ்சும். ஆகவே அவர்கள் கைபேசிச் சந்தைக்கு வருகிறார்கள். இவர்கள் எங்கெங்கே இடறக்கூடும் என்று பார்ப்போம்.

வாங்குபவர் யார் என எண்ணாமை

குழுவினர் முதல் நாளே, “உலகெங்கும் அனுப்பப்படும்” என்று எழுதிவிடுகிறார்கள். நாளொன்றுக்கு ஆட்டுவதோ சில லிட்டர் எண்ணெய். தொலைதூர மாநிலத்திலிருந்து ஒருவர் ஒரு லிட்டர் கேட்கிறார். அனுப்பும் கட்டணம் எண்ணெயின் விலையில் பெரும் பங்காகிவிடுகிறது. வழியில் மூடி கசிந்து பெட்டி நனைந்தும் போகிறது. இதற்கிடையில், பத்து மைல் தொலைவிலுள்ள நகரத்தில் நல்ல எண்ணெய்க்காக அலையும் குடும்பங்களுக்கு இக்குழுவைப் பற்றித் தெரியவே தெரியாது.

முதலில் அண்மையிலுள்ள நகரத்தையே நம் சந்தையாகக் கொள்வது நலம். அங்குள்ள ஆசிரியர்கள், அலுவலர்கள், சிற்றுண்டிச் சாலை நடத்துவோர், பலகாரம் செய்து விற்போர் ஆகியோருள் யார் எவ்வளவு வாங்குவர் எனக் கணித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, பேருந்திலோ சிறு வண்டியிலோ மொத்தமாகக் கொண்டு சென்று வீடுதோறும் கொடுத்தால் அனுப்பும் செலவு பலருக்குப் பங்காகிக் குறைந்துவிடும். காலிப் புட்டிகளையும் திரும்பப் பெறலாம்.

விலையையும் அளவையும் மறைத்தல்

“விலைக்குத் தனியே தொடர்பு கொள்க” என்று எழுதுவது இன்று பரவலாகிவிட்ட ஒரு பழக்கம். வாங்க வருபவர் வேறு கடைக்குப் போய்விடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமற் போனால் மரியாதைக் குறைவாகுமே என்று அஞ்சிப் பலர் கேளாமலே சென்றுவிடுவர். ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற ஐயமும் அவர்களுக்கு எழும். சந்தையில் கூறு கட்டி வைத்துக் “கூறு பத்து ரூபாய்” என்று கூவும் பெண்மணியின் நேர்மை இங்கும் தேவை.

விலையை எழுதினாலும் அளவைத் தெளிவாக எழுதாவிடில் சச்சரவு விளையும். கடலை எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம்தான். ஒரு கிலோ எண்ணெய் என்றால் அது ஏறக்குறைய 1,100 மில்லி லிட்டராகும். விலை கிலோவுக்கா, லிட்டருக்கா என்று சொல்லாமல் விட்டால், வாங்கியவர் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்து, “90 கிராம் குறைகிறது, ஏமாற்றிவிட்டார்கள்” என்று நான்கு பேரிடம் சொல்லுவார். குழுவினர் நேர்மையாக அளந்திருந்தும் பழி வந்து சேரும். ஆதலின் லிட்டர் அளவு, எடை, விலை, அனுப்பும் கட்டணம், எத்தனை நாளில் வந்து சேரும் என்னும் ஐந்து விவரங்களும் ஒவ்வொரு விளம்பரத்திலும் இடம்பெற வேண்டும்.

புட்டியின் மேலுள்ள சீட்டிலும் இவ்வாறே. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, தயாரிப்பவரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, குறை கூறுவதற்கான தொலைபேசி எண் ஆகியவை அச்சிடப்பட வேண்டும். வீட்டிலிருந்தே உணவுப் பண்டம் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டியவரே. அங்கே அளிக்கப்படும் 14 இலக்க எண் சீட்டில் விளங்க வேண்டும். அந்த எண் கண்ணுக்குத் தெரியும்படி எடுத்த படம் ஒன்று, பத்து வரிப் புகழுரையைவிட வாங்குபவருக்கு அதிக நம்பிக்கை தரும்.

இரவல் படங்கள்

வேறெங்கோ எவரோ எடுத்த பளபளப்பான படங்களைத் தம் சரக்கின் படமாகப் போடுவது அடுத்த தவறு. படத்தில் பொன்னிறமாகத் தெளிந்த எண்ணெய். வந்து சேர்ந்ததிலோ அடியில் சிறிது மண்டி. செக்கில் ஆட்டி இயற்கையாகத் தெளிய வைத்த எண்ணெயில் அடியில் சிறிது கசடு படிவது இயல்பே. ஆனால், படத்தை நம்பி வாங்கியவருக்கு அது கலப்படமாகத் தோன்றும். பிறர் எடுத்த படத்தை அவரது அனுமதியின்றிப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றமாகலாம்.

நம் சரக்கையே, பகல் வெளிச்சத்தில், சுத்தமான வெள்ளைத் துணியின் மேல் வைத்து எடுத்த படம் போதுமானது. அதைவிடச் சிறந்தது வேலையைக் காட்டுவது. மானாவாரிக் கடலையை ஆடிப் பட்டத்தில் விதைப்பது, களை எடுப்பது, ஐப்பசி வாக்கில் பிடுங்கிக் காய வைப்பது, ஓடு உடைத்துச் சொத்தைப் பருப்பைப் பொறுக்கி நீக்குவது, செக்கில் இடுவது ஆகியவற்றை அவ்வப்போது ஒரு நிமிடப் படமாக எடுத்துப் போடலாம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும் என்பதைத் தராசில் நிறுத்துக் காட்டினால், விலை ஏன் இவ்வளவு என்னும் கேள்விக்கு அதுவே விடையாகும். மண்டி படிவது ஏன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னர் வாதாட வேண்டியதில்லை.

கேட்டவருக்கு மறுமொழி தராமை

காலையில் விளம்பரத்தைப் போட்டுவிட்டுக் குழுவினர் செக்கடிக்குச் சென்றுவிடுகிறார்கள். பகலில் பத்துப் பேர் கேள்வி கேட்கிறார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் கைபேசியைத் திறந்து பார்க்கும்போது அப்பத்துப் பேரும் வேறிடத்தில் வாங்கி முடித்திருப்பர். கடையைத் திறந்து வைத்துவிட்டு ஆளில்லாமல் போய்விடுவதற்கு இது ஒப்பாகும்.

நாள் முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க உழைப்பவரால் இயலாது, அது வேண்டியதுமில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என நேரம் ஒதுக்கி, குழுவில் இருவர் முறை வைத்துக்கொண்டால் போதும். வாட்ஸ்அப் நிறுவனம் சிறு வியாபாரிகளுக்கென 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட தனிச் செயலியைக் கட்டணமின்றிப் பெறலாம். கடை திறந்திருக்கும் நேரத்தைக் குறிக்கவும், நாம் இல்லாத வேளையில் வரும் கேள்விக்கு “மாலை ஆறு மணிக்குள் பதில் தருகிறோம்” என்று தானாகவே மறுமொழி செல்லவும், பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் அடுக்கி வைக்கவும் அதில் வசதி உண்டு. சொன்ன நேரத்தில் பதில் தருவது, சொன்ன நாளில் சரக்கை அனுப்புவது என்னும் இவ்விரண்டுமே கைபேசிக் கடைக்குக் கல்லாப் பெட்டி போன்றவை.

ஓயாத கூவல்

சிலர் இதற்கு நேர்மாறாக, ஒரு நாளில் பத்து முறை ஒரே விளம்பரத்தை அனுப்புவர். உறவினர், பள்ளித் தோழர், கோயில் திருப்பணிக் குழு என்று பாராமல் எல்லாக் குழுக்களிலும் போடுவர். அனுமதி கேளாமல் இருநூறு பேரைச் சேர்த்துப் புதிய குழு ஒன்றையும் தொடங்கிவிடுவர். இதனால் வெறுப்பே மிஞ்சும். அன்றியும், வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய தொலைபேசி எண் மற்றவர் எல்லோருக்கும் தெரியும். நம்மை நம்பி எண்ணைக் கொடுத்த பெண்மணிக்கு முன்பின் அறியாதவரிடமிருந்து அழைப்பு வந்தால் அதற்கு நாமே பொறுப்பாளிகள். நம்மோடு போட்டியிடும் வியாபாரி ஒருவர் அக்குழுவில் சேர்ந்தால், நம் வாடிக்கைக்காரர் பட்டியல் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும்.

இதற்குப் பதிலாக, வாங்கியவரிடம் இசைவு பெற்றுக்கொண்டு, பிராட்காஸ்ட் பட்டியல் மூலம் அனுப்பலாம். அதில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செல்லும். நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது சென்றடையும். ஆகவே புட்டியைக் கொடுக்கும்போதே, “எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று கேட்டுக்கொள்வது அவசியம். வாரம் ஒரு முறை, புதிதாகச் சொல்ல ஏதேனும் இருக்கும்பொழுது அனுப்பினால் போதும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பலகார வேலை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னரே அறிவிப்பது பயன் தரும்; பண்டிகைக்கு முதல் நாள் அறிவிப்பது வீண்.

மிகைப்படக் கூறல்

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுவே. “இந்த எண்ணெய் மாரடைப்பைத் தடுக்கும்”, “சர்க்கரை நோயை அறவே போக்கும்” என்றெல்லாம் யாரோ எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். எழுதுபவருக்குத் தீய எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால், அதை நம்பி ஒரு முதியவர் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு புட்டி எண்ணெய் விற்ற லாபத்துக்கு ஓர் உயிர் ஈடாகாது.

சட்டமும் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்ற நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் தடுத்துவிட்டது. உணவுப் பண்டங்களைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரம் வெளியிடுவோருக்கு, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய விளம்பரங்களைத் தண்டிக்கிறது. கைபேசியில்தானே எழுதினோம் என்பது தக்க சமாதானமாகாது, அதுவும் விளம்பரமே.

“கொலஸ்ட்ரால் இல்லாதது” என்று பெருமையாக எழுதுவோரும் உளர். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் இருப்பதாகக் கொள்வதற்கில்லை. எல்லோருடைய எண்ணெய்க்கும் பொதுவான ஒன்றை நம்முடையதற்கு மட்டும் உரிய சிறப்புப்போலக் காட்டுவதும் ஒருவகை ஏமாற்றே. உண்மையான சிறப்பு எதுவோ அதைச் சொன்னால் போதும்: எந்த ஊர்க் கடலை, எந்தத் தேதியில் ஆட்டியது, யார் ஆட்டியது.

ஊர்ப் பெயர் விஷயத்திலும் இவ்வெச்சரிக்கை தேவை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும், உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரைத் தகுதியற்ற சரக்குக்குச் சூட்டுவது குற்றம். அது மட்டுமன்று. ஒருவர் சீனி கலந்த கருப்பட்டியை அப்பெயரால் விற்றால், பனை ஏறிப் பிழைக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பெயரும் அதனால் கெடும். ஊரின் நற்பெயர் ஊர்ப் பொதுச் சொத்து. கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் காப்பது போல் அதையும் காத்தல் நம் கடன்.

விளம்பரச் செலவுக்குக் கணக்கின்மை

விற்பனை மந்தமானவுடன், பணம் கட்டி விளம்பரத்தைப் பலருக்குக் காட்டும் வழியைச் சிலர் நாடுகின்றனர். அதை ‘பூஸ்ட்’ செய்வது என்பர். அது தவறான வழியன்று. கணக்குப் பாராமல் அதில் இறங்குவதே தவறு. ஊர், வயது முதலியவற்றைக் குறித்துக் கொடுக்காமல் பணம் கட்டினால், நாம் சரக்கு அனுப்ப இயலாத ஊர்களிலெல்லாம் நம் விளம்பரம் காட்டப்பட்டுப் பணம் கரைந்துவிடும்.

கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு ஒரு விலையை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய் 320 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்க. புண்ணாக்கு விற்ற வரவைக் கழித்துப் பருப்பு, கூலி, மின்சாரச் செலவு 250 ரூபாய். புட்டியும் சீட்டும் 15 ரூபாய். ஆக, மிகுவது 55 ரூபாய். இப்பொழுது 500 ரூபாய் கட்டி விளம்பரம் செய்கிறோம். நாற்பது பேர் கேட்கிறார்கள். எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு லிட்டர் வாங்குகிறார்கள். ஒரு வாடிக்கைக்காரரைப் பிடிப்பதற்கான செலவு 62 ரூபாய் 50 காசு. அதாவது ஒவ்வொரு புட்டியிலும் ஏழரை ரூபாய் நஷ்டம். எட்டுப் புட்டி விற்றதைப் பார்த்து மகிழ்ந்து மீண்டும் பணம் கட்டினால் நஷ்டமே பெருகும்.

ஆனால், அதே எட்டுப் பேரும் அடுத்த மாதம் தாமாகவே திரும்பி வந்தால், அப்போது விளம்பரச் செலவு இல்லை. 55 ரூபாயும் முழு லாபம். முதல் மாத நஷ்டம் நீங்கி, ஆளொன்றுக்கு 47 ரூபாய் 50 காசு மிஞ்சும். ஆகவே வியாபாரத்தின் உயிர் இரண்டாம் விற்பனையில் இருக்கிறது. முதல் முறை வாங்கியவர் மறுமுறை வருகிறாரா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வர வேண்டும். வராதவரை விசாரித்தறிந்து குறையை நீக்கிய பின்னரே விளம்பரத்துக்குப் பணம் செலவிடலாம்.

‘லைக்’ எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதும், அதைக் காசு கொடுத்து வாங்குவதும் வீண் செலவு. பதினாயிரம் பேர் பின்தொடர்வதாகக் காட்டும் பக்கத்தில் பத்துப் பேர்கூட வாங்குவோர் இல்லையானால், அது ஆளைக் கூலிக்கு அமர்த்திக் கைதட்டச் செய்வதற்கு ஒப்பாகும்.

குறை கூறுவோரைப் பகைத்தல்

“மூடி கசிந்திருந்தது” என்று ஒருவர் எழுதினால் உடனே அதை அழித்துவிடுவதும், அவரோடு சண்டையிடுவதும் கூடா. அவ்விடத்தில் ஒருவர் எழுதுகிறார். பலர் அதை வாசிக்கிறார்கள். “தவறு நேர்ந்தது; மாற்றுப் புட்டி நாளை அனுப்புகிறோம்” என்று இரண்டு வரி எழுதி, அவ்வாறே அனுப்பியும் வைத்தால், அந்தக் குறையே நம் நேர்மைக்கு விளம்பரமாகிவிடும்.

கடைச் சாவி யாரிடம்?

பலரும் கவனியாத தவறு ஒன்று உண்டு. குழுவிலுள்ள ஓர் அம்மாளின் பேரன் கைபேசியில் தேர்ந்தவன். அவனே ஆர்வத்தோடு பக்கத்தைத் தொடங்குகிறான். தொலைபேசி எண் அவனுடையது. கடவுச்சொல் அவனுக்கு மட்டுமே தெரியும். இரண்டாண்டு உழைப்பில் நானூறு வாடிக்கைக்காரர் சேர்கிறார்கள். பிறகு அவன் திருப்பூருக்கு வேலைக்குச் செல்கிறான். சில மாதத்தில் எண்ணையும் மாற்றிவிடுகிறான். அவன்மேல் குற்றமில்லை. ஆயினும் குழுவின் கடை ஒரே நாளில் மறைந்துவிடுகிறது. நானூறு பேரும் பழைய எண்ணில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவர். வங்கித் தவணை மட்டும் ஓயாது.

ஆகவே குழுவின் பெயரால் தனியாக ஒரு தொலைபேசி எண் வாங்கி, அதைக் காலாகாலத்தில் பணம் கட்டிக் காத்துவர வேண்டும். ஃபேஸ்புக்கில் தனி மனிதர் கணக்கில் ஐயாயிரம் நண்பர்களுக்கு மேல் சேர்க்க இயலாது. வியாபாரத்துக்கெனத் தனிப் பக்கம் தொடங்கி, அதன் பொறுப்பாளராகக் குறைந்தது இருவரை அமர்த்துதல் நலம். கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டுக் குழுவின் கணக்குப் புத்தகங்களோடு பூட்டி வைக்க வேண்டும். வாடிக்கைக்காரரின் பெயர், ஊர், எண் ஆகியவற்றை ஒரு நோட்டிலும் எழுதி வருதல் இன்றியமையாதது. இச் சமூக ஊடகங்கள் தனியார் நிறுவனங்களுக்கு உரியவை; அவற்றின் விதிகள் மாறும்; கணக்கு முடக்கப்படுவதும் உண்டு. நாம் அங்கே கடை போட்டிருப்பது பிறர் நிலத்தில். நம் கையில் நிலையாக நிற்பது அந்த நோட்டுப் புத்தகமே.

ஏமாற்றுவோரிடம் எச்சரிக்கை

ஐம்பது லிட்டர் ஒரேயடியாக வேண்டும் என்று ஒருவர் அழைக்கிறார். “பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை உங்கள் கைபேசியில் காட்டிப் பின் நம்பரைப் போடுங்கள்” என்கிறார். போட்டவுடன் நம் கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கொடுப்பதற்குத்தான் அது தேவை. இந்த ஒரு வாக்கியத்தைக் குழுவினர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அவ்வாறே, கைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. சொன்னால் நம் வாட்ஸ்அப் கடையே அவர் வசமாகிவிடும். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

இது தனிப்பட்டவரின் வியாபாரம்தானே, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஊரில் ஒரு செக்கு நன்றாக ஓடினால் கடலை பயிரிடும் விவசாயிக்கு நல்ல விலை. உடைக்கும் பெண்களுக்குக் கூலி. மாடு வளர்ப்போருக்கு உள்ளூரிலேயே புண்ணாக்கு. அது நின்றுவிட்டால் பன்னிரண்டு குடும்பங்களின் கடன் மட்டுமே மிஞ்சும். ஆகவே இது ஊர்க் காரியமே.

கிராம சபை கூடும் நாட்களில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஊரில் இவ்வழியில் விற்பவர் யார் யார், அவர்கள் படும் இடர்கள் யாவை என்று கேட்டறியலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறாதவர்களைக் கணக்கெடுத்து, ஒரே நாளில் எல்லோரும் விண்ணப்பிக்க ஏற்பாடு செய்யலாம். படித்த இளைஞர் இருவர் மூவரைக் கொண்டு ஊர் நூலகத்தில் மாதம் ஒரு முறை பயிற்சி நடத்தலாம். மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் சுய உதவிக் குழுக்களின் பொருட்களை ‘மதி’ என்னும் பெயரில் விற்பதற்கு உதவி வருகிறது. அதன் வட்டார அலுவலகத்தோடு நம் குழுக்களை இணைத்து வைப்பதும் பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடிய நற்பணி.

விளம்பரம் ஒன்றை வெளியிடுவதற்கு முன் குழுவினர் தம்மைத் தாமே ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். விலையும் அளவும் தெளிவாக உள்ளனவா? படம் நம் சரக்கின் படந்தானா? சொன்னது யாவும் உண்மையா? கேட்பவருக்கு இன்று பதில் சொல்லப்போவது யார்? சொன்ன நாளில் சரக்குப் போய்ச் சேருமா? ஐந்துக்கும் விடை இருந்தால் அவ்விளம்பரத்தைத் துணிந்து வெளியிடலாம். இல்லையேல், விடை கிடைக்கும் வரையில் ஒரு நாள் தாமதித்தாலும் பாதகமில்லை.

வாரச் சந்தையில் சரியான படியால் அளந்தவரின் கடையைத் தேடி மறு வாரமும் ஆட்கள் வந்தார்கள். கைபேசிச் சந்தையிலும் ஆட்கள் வருவது அதே காரணத்துக்காகத்தான். அப்படியை நம் கிராமத்துச் சிறு தொழிலினர் ஒவ்வொருவரும் கையில் கொண்டு இப்புதிய சந்தைக்குச் செல்வார்களாக.